மலிவு பெடலும் ராமலட்சுமியின் குரலும்

பாண்டீஸ்வரன் முதலில் சந்தேகப்பட்டது கம்பிகளைத்தான். கிதாரின் கடைசி இரண்டு மெல்லிய கம்பிகளும் முன்பெல்லாம் தொட்டால் கணீரென்று பேசும். இப்போது ஈரத்துணிக்கு அடியில் வைத்து மீட்டியது போல மொத்தென்று விழுந்தன. மலை ஈரத்தில் துருப்பிடித்திருக்கும் என்று நினைத்து மூணாறு போய்ப் புதுக் கம்பி வாங்கி மாட்டினான். அதுவும் அப்படியே. கடைக்காரன் போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று வைதபடி வேறு கடையில் வேறு கம்பி வாங்கினான். அதற்கும் உயிரில்லை.

"இப்ப எவனும் ஒழுங்கா கம்பி செய்யிறதில்ல," என்று பாஸ்கலிடம் புலம்பினான்.

பாஸ்கல் ஜீப் ஓட்டுபவன். வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு எஸ்டேட் பாதைகளில் குலுக்கிக் குலுக்கி மேலே கொண்டுபோய் மேகத்தைக் காட்டிவிட்டு இறக்கிக் கொண்டுவருவான். நல்ல குரல். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவான். சனிக்கிழமை சாயங்காலம் பள்ளிவாசல் சரிவில் இருக்கிற ஒரு ரிசார்ட்டின் புல்வெளியில் பாடுவான். அவனுக்குக் கிதார் வாசிப்பது பாண்டீஸ்வரன். இருவரும் எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் என்பதால் ஒருவர் குறையை மற்றவர் பெரிதுபடுத்துவதில்லை. கம்பியைப் பற்றிய புலம்பலைக் கேட்டும் பாஸ்கல் காறித் துப்பிவிட்டு வண்டியை எடுத்தான்.

பாண்டீஸ்வரனுக்குச் சித்திரபுரத்துக்கு மேலே உள்ள எஸ்டேட்டில் தேயிலை ஃபேக்டரி வேலை. மீசை முளைத்த வயதில் உள்ளே போனவன், தலை நரைத்தும் அதே மிஷினுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். வாடிய கொழுந்தை நசுக்கித் துண்டாக்கித் தள்ளுகிற மிஷின் அது. அது ஓடும்போது பக்கத்தில் இருப்பவன் காதில் வாயை வைத்துக் கத்தினால்தான் கேட்கும். அதனால் அங்கே எல்லாரும் கையால் பேசுவார்கள். காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்தார்கள்; அதை அவன் பீடிக்கட்டோடு பையில் வைத்திருப்பான், காதில் வைத்ததில்லை.

பெடல் வாங்கும் பழக்கம் அவனுக்கு வந்தது ரிசார்ட்டின் ஸ்பீக்கரால். அந்த ஸ்பீக்கரில் யார் பாடினாலும் டின்னுக்குள் தலையை விட்டுப் பாடியது போலிருக்கும். கிதார்க்காரர்கள் காலடியில் போட்டு மிதிக்கிற பெடல்களை அவன் போனில் பார்த்திருந்தான். அதில் எக்கோ தருகிற ஒன்றை, இருப்பதிலேயே மலிவானதை, வரவழைத்தான். வந்து இறங்கியதைப் பார்த்துப் பாஸ்கல் சிரித்தான்.

"என்னடே இது, சோப்பு டப்பாவா? இதையா மிதிக்கப் போற? நசுங்கிரும்."

நசுங்கவில்லை. அன்று சாயங்காலம் விளையாட்டாகப் பாஸ்கலின் மைக்கை அதில் சொருகிப் பார்த்தார்கள். டின்னுக்குள் இருந்த குரல் வெளியே வந்து மலைச்சரிவில் உலாத்தியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள். அதற்குப் பிறகு பாஸ்கல் அந்தச் சோப்பு டப்பாவைத் துணியில் சுற்றித்தான் ஜீப்பில் வைப்பான்.

அந்தத் தைரியத்தில் அடுத்து வாங்கியதுதான் ஈக்குவலைசர் பெடல். அதுவும் அதே அளவு, அதே மலிவு. அதன் முகத்தில் மேலும் கீழும் தள்ளுகிற சின்னச் சின்னக் குமிழ்கள் வரிசையாக இருக்கும். இடது பக்கக் குமிழை ஏற்றினால் கனத்த ஓசை கூடும். வலது பக்கம் போகப்போக மெல்லிய, கூர்மையான ஓசை கூடும். கம்பிகள் இழந்த உயிரை இதை வைத்து மீட்டுவிடலாம் என்பது அவன் கணக்கு.

அந்தச் சனிக்கிழமை வலது கோடிக் குமிழ்களை மெல்ல மேலே தள்ளினான். போதவில்லை. இன்னும் தள்ளினான். முழுக்க மேலே போனதும் கம்பிகள் திடீரென்று கண் திறந்தன. எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்தக் கணீர் ஒலி. கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். பாட்டு முடிந்தும் நிறுத்த மனமில்லாமல் இரண்டு சுற்று கூடுதலாக வாசித்தான்.

கண்ணைத் திறந்தபோது, குளிர்காய மூட்டியிருந்த நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப்பெண் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு மேனேஜரைத் தேடினாள். பாஸ்கல் மைக்கைப் பிடித்தபடியே ஒரு அடி பின்னால் வந்து, செருப்புக்காலால் பெடலை மிதித்து அணைத்தான். பாண்டீஸ்வரனின் காதில் கம்பிகள் மறுபடி ஈரத்துணிக்குள் போய்விட்டன. எதிரே இருந்தவர்களின் முகங்களோ தெளிந்தன. சின்னப்பெண் கையை எடுத்தாள்.

ஜீப்புக்குப் போகும் வழியில் பாஸ்கல் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினான். காதருகே குனிந்து சொன்னான்.

"கம்பியில ஒரு குறையும் இல்ல, பாண்டி."

அவ்வளவுதான் சொன்னான். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடிமாலியில் காது டாக்டர் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்தார். கனத்த ஓசையெல்லாம் கேட்கிறது, மெல்லிய ஓசை போய்விட்டது, ஃபேக்டரி சத்தம் தின்றுவிட்டது, திரும்ப வராது என்றார். பேச்சில் உயிரெழுத்துகள் காதுக்கு வரும், அவற்றின் மேல் ஏறி வருகிற வல்லினமெல்லாம் உதிர்ந்துவிடும், அதனால்தான் குரல் கேட்டும் சொல் புரிவதில்லை என்றார். காதுக் கருவிக்குப் பதிந்து வைத்தார். முகாம் நடக்கும்போது கூப்பிடுவார்களாம். பாண்டீஸ்வரன் வீட்டுக்கு வந்து மனைவியிடம், "மெழுகு அடைச்சிருக்காம். மருந்து ஊத்துனா சரியாயிரும்," என்றான்.

ராமலட்சுமி தலையாட்டினாள்.

அவர்களுக்குள் பேச்சு தேய்ந்துபோய் வெகுநாள் ஆகியிருந்தது. சண்டை ஒன்றும் இல்லை. லயத்து வீடுகளுக்கு நடுவே ஒரே சுவர். இந்த வீட்டில் இருமினால் அந்த வீட்டில் சுக்குத் தட்டுவார்கள். அவனுக்குக் கேட்கும்படி கத்தினால் ஊருக்கே கேட்கும். ஆகவே ஊர் கேட்டாலும் பரவாயில்லை என்கிற விஷயங்கள் மட்டும் மிஞ்சின: சோறு ஆயிற்று, கேஸ் தீர்ந்தது, தண்ணீர் வரவில்லை. புருஷன் பெண்டாட்டி தாழ்ந்த குரலில் மட்டுமே பேசிக்கொள்ள முடிகிற மற்றதெல்லாம் எங்கே போயிற்று என்று அவனுக்குத் தெரியவில்லை. சில சமயம் அவள் வாசலில் மகள் மோனிஷாவோடு போனில் பேசிச் சிரிப்பாள். தோள் குலுங்குவது தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே இருப்பான். அந்தச் சிரிப்பின் ஓசை எப்படி இருக்கும் என்று நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பான், சரியாக வராது.

மற்றவர் காதை நோகடிக்காமல் வாசிக்கத்தான் அவன் ஹெட்போனுக்கு வந்தான். கிதாரின் வாய்க்குள் மாட்டுகிற சின்ன மைக், அதிலிருந்து ஈக்குவலைசர் பெடல், அதிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு குட்டி ஆம்ப், அதில் ஹெட்போன். வலது குமிழ்களை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். கேட்கப்போகிறவன் அவன் ஒருத்தன்தான். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சுவரோரம் பாயில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டான்.

கம்பிகள் பேசின. ஆனால் கம்பிகள் மட்டும் பேசவில்லை. கை ஓய்ந்த இடைவெளியில் புஸ்ஸென்று ஒரு ஓசை வந்தது. வயர் கெட்டுவிட்டதோ என்று பார்த்தான். பிறகுதான் புரிந்தது, அது அடுப்பில் கேஸ் எரிகிற ஓசை. கடுகு பொரிவது கேட்டது. அவள் கை வளையல் ஒன்றோடொன்று உரசுவது கேட்டது. அந்த மைக் கம்பியை மட்டுமல்ல, அறை முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தது. பாண்டீஸ்வரன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

ராமலட்சுமி முறத்தை எடுத்துக்கொண்டு அவனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். முட்டி வலியால் கொழுந்து பறிக்கப் போவதை நிறுத்திய பிறகு அவள் சாயங்காலம் அங்கேதான் உட்காருவாள். தலை குனிந்து அரிசியைப் பொறுக்கினாள். உதடு அசைந்தது. அவள் உதடு எப்போதும் அசையும். சாமி பெயரைச் சொல்கிறாள் என்று அவன் நினைத்திருந்தான்.

"கீழ் வீட்டுக்காரி மல்லித்தழ கேட்டு வந்தாய்யா. இல்லேன்னுட்டேன். இருந்துச்சு. குடுக்க மனசில்ல. அவ போன பெறகு ஒரு மாதிரியா இருந்துச்சு."

பாண்டீஸ்வரன் கிதாரைப் பார்த்துக் குனிந்துகொண்டான். விரல் தானாக ஏதோ வாசித்தது.

"மெழுகாம் மெழுகு. பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடிச்சா எனக்குத் தூக்கிவாரிப் போடுது, நீ திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குற. என்கிட்ட கத விடுற."

முகத்துக்கு நேரே அவள் அவனை 'நீங்க' என்றுதான் சொல்வாள். கல்யாணமான புதிதில் விளக்கணைத்த பிறகு மட்டும் சொன்ன 'நீ' அது. அது எங்கும் போகவில்லை, இங்கேதான் இருந்திருக்கிறது. அவன் காதுக்கு எட்டாத தாழ்ந்த குரலில் அவள் அவனோடு தினமும் பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள்.

சொல்லிவிட வேண்டும் என்று அன்றே நினைத்தான். சொன்னால் நின்றுவிடுமே என்று பயந்தான். மறுநாளும் கேட்டான், அதற்கு மறுநாளும் கேட்டான். ஃபேக்டரியில் மிஷின் ஓடும்போது சாயங்காலம் எப்போது வரும் என்று காத்திருந்தான். வாசிப்பது போல விரலை அசைத்துக்கொண்டு, அவள் முட்டி வலியையும், கனவில் வந்த செத்துப்போன அக்காவையும், ரேஷன் கடையில் முன்னால் நின்றவளின் புடவை நிறத்தையும் கேட்டான். திருட்டுத்தனம் என்று தெரிந்தது. விட முடியவில்லை.

மோனிஷாவுக்கு அப்போது மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவளை மலைக்குக் கீழே, உடுமலைக்கு அப்பால் மீனாட்சிபுரத்தில் மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவதுதான் வழக்கம். ஆனால் இந்த மலைப்பாதையில் இந்த நேரத்தில் கூடவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதால், தாய் அங்கே போவதென்று முடிவாயிற்று. அன்று முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு ராமலட்சுமி அரிசியைப் பொறுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"போனா திரும்பி வர மனசு வருமான்னு பயமா இருக்குய்யா. அங்க ஒரு வார்த்த பேசுனா, பதில் சொல்ல ஆள் இருக்கும்."

பாண்டீஸ்வரனின் விரல்கள் நின்றுவிட்டன. நிமிர்ந்தான். அவளும் நிமிர்ந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. பார்வை ஹெட்போனுக்கும், வயருக்கும், காலடியில் இருந்த பெடலுக்கும் போய் வந்தது.

"கேட்டுச்சா?"

தலையாட்டினான்.

"எத்தன நாளா?" என்று கத்தினாள். அது பெடல் இல்லாமலே கேட்டிருக்கும். அடுத்த வீட்டில் டிவியைக் குறைத்தார்கள். "நான் பைத்தியக்காரி மாதிரி பொலம்புறத ஒளிஞ்சு உக்காந்து கேட்டுக்கிட்டா இருந்தீங்க?"

'நீங்க' திரும்பி வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் உதடு அசையவில்லை. அவன் மைக்கைக் கழற்றி அவள் முன்னால் வைத்து, "பேசு ராமு, மெதுவாவே பேசு," என்று கெஞ்சிப் பார்த்தான். "ஒண்ணுமில்ல," என்று எழுந்து போனாள். ஹெட்போனில் அடுப்பு கேட்டது, பாத்திரம் கழுவுவது கேட்டது, வாசலில் கோழி கிளறுவது கேட்டது. அவளைத் தவிர எல்லாம் கேட்டது.

பாஸ்கலின் ஜீப்பில்தான் அவளை மூணாறு பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனார்கள். பாண்டீஸ்வரன் பையை மேலே வைத்துவிட்டு இறங்கி ஜன்னலோரம் நின்றான். உடுமலை பஸ் உறுமிக்கொண்டிருந்தது. கிளம்புகிற நேரத்தில் ராமலட்சுமி தலையை வெளியே நீட்டி அவனிடம் ஏதோ சொன்னாள். சின்ன வாக்கியமில்லை. நிதானமாக, அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. "என்ன?" என்று பஸ்ஸோடு சேர்ந்து நடந்தான். பஸ் திரும்பிவிட்டது.

"என்ன சொன்னா?" என்று பாஸ்கலிடம் கேட்டான். அவன் அப்போது டீக்கடையில் நின்றிருந்தான், அவனுக்கும் தெரியாது.

அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு பாண்டீஸ்வரன் நாட்களை ஓட்டினான். உலை வைக்கும்போது, மிஷினுக்குப் பக்கத்தில் நிற்கும்போது, அவள் வாய் அசைந்த விதத்தை நினைத்து அதில் சொற்களைப் பொருத்திப் பார்ப்பான். வரமாட்டேன் என்றிருப்பாளோ. மன்னித்துவிட்டேன் என்றிருப்பாளோ. போனில் கேட்கலாம்தான், ஆனால் போனில் அவனுக்குக் குரல் என்று வருவதே தண்ணீருக்குள் யாரோ பேசுவது போலிருக்கும். மோனிஷா மெசேஜ் அனுப்புவாள், இவன் கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்புவான்.

ரிசார்ட்டில் இடைவேளையில் பாட்டுப் போட, பாஸ்கல் தன் போனை ஒரு வயரால் ஸ்பீக்கரோடு இணைப்பது வழக்கம். ஒரு முனை போனுக்கு, மறுமுனை கிதார் வயர் போலத் தடித்தது. வருஷக்கணக்காக பாண்டீஸ்வரன் கண்ணெதிரே கிடந்த வயர். ஒரு சனிக்கிழமை அதை எடுத்துச் சுருட்டும்போது அவனுக்குச் சுரீரென்றது.

"இத நான் ஊட்டுக்குக் கொண்டு போறேன்."

"பாட்டுக்கு என்ன செய்ய?"

"நீ பாடு."

வீட்டுக்கு வந்து, போனைப் பெடலில் சொருகினான். ஹெட்போனை மாட்டினான். மருமகன் ஈஸ்வரனின் எண்ணைத் தொட்டான். அவனாக யாருக்கும் போன் போட்டு எவ்வளவோ காலமாயிற்று. பேச்சுக்கான இடத்தைத் தேடிக் குமிழ்களை ஒவ்வொன்றாக நகர்த்தினான். மணியடிக்கிற ஓசை மொண்ணையாக இருந்து கூர்மையானது.

"மாமா! நானே கூப்பிடோணும்னு இருந்தனுங்க," என்றான் ஈஸ்வரன். "பொண்ணு பொறந்திருக்குதுங்க. காலைல. ரெண்டு பேரும் நல்லா இருக்கறாங்க. கேக்குதுங்களா மாமா?"

"கேக்குது மாப்ள," என்றான் பாண்டீஸ்வரன். ஒவ்வொரு எழுத்தும் கேட்டிருந்தது. "ஒரு வார்த்த விடாம கேக்குது. அத்தைகிட்ட குடுங்க."

போன் கை மாறியது. "பேத்தி பொறந்திருக்கா!" என்று ராமலட்சுமி கத்தினாள், ஹெட்போன் அதிர்ந்தது. அவன் சட்டென்று காதிலிருந்து சற்று விலக்கிப் பிடித்தான்.

"கத்தாத ராமு. மெதுவாப் பேசு. எனக்குக் கேக்குது."

அந்தப் பக்கம் யாரோ வாளியை நகர்த்தினார்கள். கதவு சாத்தப்பட்டது.

"நெசமாவா?" என்றாள், மூச்சோடு மூச்சாக.

"நெசமாத்தான்."

"உன்னைய மாதிரி நெத்தி," என்றாள். அதன் பிறகு அவள் அழுவது கேட்டது. அவனும் அழுதான். அடுத்த வீட்டுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

அன்று முதல் சாயங்காலந்தோறும் பேசினார்கள். அவள் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். நேரில் நாற்பது சொல் பேசாதவர்கள் போனில் பேசித் தீர்க்க முடியாமல் பேசினார்கள். பஸ் ஜன்னலில் என்ன சொன்னாய் என்று ஒருநாள் துணிந்து கேட்டான்.

"அதுவா? கறுப்புக் கம்பளிய வெயில்ல போடுங்கன்னு சொன்னேன். எலி கடிச்ச பக்கத்த உள்ள மடிச்சு வைங்கன்னேன்."

"அவ்வளவுதானா?"

"வேற ஒண்ணும் சொல்லணும்னுதான் இருந்துச்சு. பஸ்ஸ எடுத்துட்டான்."

அது என்னவென்று அவன் கேட்கவில்லை.

காதுக் கருவி முகாமில் வந்து சேர்ந்தது. கடைவீதிக்கும் ஃபேக்டரி ஆபீசுக்கும் அது உதவுகிறது. ரிசார்ட்டில் பாண்டீஸ்வரன் இப்போது பெடலின் குமிழ்களைத் தொடுவதில்லை. பாஸ்கல் குனிந்து தன் காதுக்குச் சரியாக வைத்துக் கொடுக்கிறான், பாண்டீஸ்வரன் அதை நம்பி வாசிக்கிறான். தனக்கு மொத்தென்று கேட்கிற கம்பி மற்றவர்களுக்குக் கணீரென்று கேட்கிறது என்பதை அவர்கள் தலையாட்டுவதிலிருந்து தெரிந்துகொள்கிறான். வீட்டுக்கு வந்ததும் குமிழ்களை ராமலட்சுமியின் குரலுக்கு மாற்றி வைக்கிறான்.

பேத்திக்குப் பெயர் வைத்தாயிற்று. குப்புற விழுகிறாள். மோனிஷா வேலைக்குத் திரும்பும்வரை அம்மா இருக்கட்டும் என்கிறார்கள். அங்கே வெயிலுக்கு முட்டி வலியும் மட்டுப்பட்டிருக்கிறதாம். ராமலட்சுமி அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவளே சங்கடப்பட்டது அவன் காதுக்குத் தெரிந்தது. அவனுக்கு இன்னும் வேலைக்காலம் இருக்கிறது. வேலை இருக்கும்வரைதான் லயத்து வீடு. விட்டுவிட்டும் போக முடியாது, அவளை இந்தக் குளிருக்கு வா என்று இழுக்கவும் வாய் வரவில்லை.

நேற்று, பிள்ளை தூங்குகிறாள், கேள் என்று போனைத் தொட்டில் பக்கம் வைத்தாள். பாண்டீஸ்வரன் வலது கோடிக் குமிழை ஒரு மயிரிழை ஏற்றினான். குழந்தையின் மூச்சு வந்தது. தூரத்தில் மாடு கழுத்தை உதறியது. பிறகு வளையல் உரசியது.

"எப்ப வாற, ராமு?" என்றான்.

"என்ன? கேக்கல," என்றாள்.

கேட்டிருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. மறுபடி கேட்கவில்லை. "ஓணத்துக்கு லீவு விடுவான். நான் வரட்டுமா அங்க?" என்றான்.

"வாயேன்," என்றாள் உடனே. "வரும்போது எனக்கு அந்தக் கறுப்புக் கம்பளி வேணும். பிள்ளைக்கு விரிக்க."